ஆவாரையும் அதன் எரிசாராயச் சத்தும்

ஏலகிரி மலையடிவாரத்திலிருந்து ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பு வரையிலும், அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் செல்லும் சாலைகளின் இரு மருங்கிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ் செடியை அறியாத விவசாயி நம் பகுதியில் இருக்க முடியாது. பொங்கலுக்கு முதல் நாள் பூளைப் பூவுடனும் வேப்பிலையுடனும் சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டுவதற்கு அதன் பூவைத் தேடுகிறோம். வயலுக்குத் தழையுரமாக அதன் கிளைகளை மிதிக்கிறோம். காலையில் பல் துலக்க அதன் குச்சியை ஒடிக்கிறோம். நீர் பாய்ச்ச வேண்டாம், எருவிட வேண்டாம், காவல் வேண்டாம். செம்மண் கரட்டிலும் சரளை மேட்டிலும் தானே முளைத்துத் தானே தழைக்கும் செடி இது.

இச்செடியின் பெயர் இப்பொழுது வேறொரு வகையில் அடிபடத் தொடங்கியிருக்கிறது. சர்க்கரை வியாதியைத் தீர்க்கும் ‘சத்து’ என்ற பெயரில், சீசாக்களில் அடைத்தும் வில்லைகளாகச் செய்தும் ஆவாரைச் சரக்குகள் சந்தைக்கு வருகின்றன. ‘எரிசாராயத்தில் இறக்கிய சத்து, கஷாயத்தைவிடப் பல மடங்கு வீரியம்’ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. இதில் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாய அன்பர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். கிராமத்தில் ஒருவர் நெடுநாளாக உட்கொண்டு வரும் மாத்திரையை நிறுத்திவிட்டு இத்தகைய சீசாவை வாங்குகிறார் என்றால், அது அவருடைய கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றைப் பணயம் வைக்கும் காரியமாகும். ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாகவே விளக்க முற்படுகிறேன்.

தோல் தொழிலும் ஆவாரம் பட்டையும்

ஆவாரையைப் பற்றிப் பேசும்போது நம் பகுதியின் முக்கியத் தொழிலாகிய தோல் பதனிடுதலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இத்தொழில் வேரூன்றியதற்கு இச்செடியின் பட்டையும் ஒரு காரணமாகும். ஆங்கிலேயர் இதனைத் ‘தோல் பதனிடுவோரின் செடி’ என்ற பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். ஆவாரம் பட்டையிலும் கொன்றைப் பட்டையிலும் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த நாட்டுத் தோல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. முதல் உலகப் போரின்போது சிப்பாய்களின் காலணிகளுக்கு இத்தோல்களுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையும், குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையும் ஆவாரம் பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக் கொண்டன.

பட்டையில் உள்ள எந்தப் பொருள் தோலைப் பதப்படுத்துகிறது? அதற்கு டானின் என்று பெயர். தமிழில் துவர்ப்புப் பொருள் எனலாம். பச்சைத் தோலில் இருக்கும் புரதத்துடன் இது இறுகப் பிணைந்து, தோல் அழுகாதவாறு காக்கிறது. தோல் தொட்டியில் நிகழும் இதே செயல்தான் சிறிய அளவில் நம் உடலிலும் நிகழ்கிறது. ஆவாரம் பட்டைக் கஷாயத்தை வாய் கொப்பளித்தால் ஈறு இறுகுகிறது. வயிற்றுப்போக்கிற்குக் கொடுத்தால் கட்டுப்படுகிறது. துவர்ப்பு என்று நாவில் நாம் உணர்வதும், சதை சுருங்குவதும், தோல் பதமாவதும் ஒரே குணத்தின் வெவ்வேறு தோற்றங்களே. நம் முன்னோர்கள் ஒரே செடியைத் தொட்டியிலும் மருந்துப் பானையிலும் இட்டதற்குப் பொருத்தமான காரணம் இருந்திருக்கிறது.

சித்த மருத்துவத்தில் ஆவாரையின் இடம்

ஆவாரை பூத்துக் குலுங்கும் ஊரில் சாவு அண்டாது என்ற கருத்துடைய பழமொழி நம் நாட்டில் வழங்கி வருகிறது. இது மிகையே என்றாலும், செடியின் மீது மக்கள் வைத்திருந்த மதிப்பை எடுத்துக்காட்டுகிறது. இலை, பூ, காய், பட்டை, வேர் ஆகிய ஐந்தையும் சேர்த்து ‘ஆவாரைப் பஞ்சாங்கம்’ என்பர். சித்த மருத்துவத்தில் மதுமேகம் எனப்படும் சர்க்கரை வியாதிக்கு வழங்கும் ஆவாரைக் குடிநீர் பெயர்பெற்றது. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக் கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை ஆகியவை அதில் சேரும். இலங்கையிலும் இச்செடி உண்டு. சிங்கள மக்கள் இதனை ‘ரணவரா’ என்று அழைத்து, உலர்ந்த பூவைத் தேநீர் போலக் காய்ச்சிப் பருகுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிநீரானாலும் ரணவரா பானமானாலும் அவை நீரில் காய்ச்சியவை. அரிஷ்டம், ஆசவம் என்ற வகை மருந்துகளில் சாராயம் உண்டு. ஆனால் அது வெளியிலிருந்து ஊற்றப்படுவதன்று. வெல்லமும் காட்டாத்திப் பூவும் சேர்ந்து நொதிக்கும்போது தானே உண்டாகும் சிறு அளவு சாராயமே அது. ஆவாரையை நேராக எரிசாராயத்தில் ஊறவைத்துச் சத்து எடுப்பது நவீன ஆய்வுக்கூடங்களின் முறையாகும். எனவே ‘பாட்டன் காலத்து எரிசாராயச் சத்து’ என்று யாராவது கூறினால் அதனை நம்ப வேண்டியதில்லை.

எரிசாராயச் சத்து என்றால் என்ன?

ஒரு செடியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் சில நீரில் மட்டும் கரையும். சில எண்ணெயில் மட்டும் கரையும். சில இரண்டிற்கும் இடைப்பட்டவை. உப்பு நீரில் கரைகிறது, எண்ணெயில் கரைவதில்லை. கற்பூரம் எண்ணெயில் கரைகிறது, நீரில் கரைவதில்லை அல்லவா? எரிசாராயம், அதாவது எதில் ஆல்கஹால், இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பது. நீரோடும் கலக்கும், பிசின், நிறப்பொருள், பிளேவனாய்டு முதலியவற்றையும் கரைக்கும். எழுபது பங்கு எரிசாராயமும் முப்பது பங்கு நீரும் கலந்த திரவத்தில், நீரில் கரைவனவற்றுள் பலவும் சாராயத்தில் கரைவனவற்றுள் பலவும் ஒருங்கே இறங்கிவிடுகின்றன. மேலும் எரிசாராயத்தில் பூசணம் பிடிப்பதில்லை. அது 78 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துப் போய்விடுவதால் சத்தை அதிகமாகச் சுடவைக்காமல் பிரித்தெடுக்கலாம். நாம் காயத்திற்குத் தடவும் டிங்சர் அயோடினில் ‘டிங்சர்’ என்ற சொல் சாராயத்தில் கரைத்த மருந்தையே குறிக்கிறது.

செய்முறை இதுவே: நிழலில் உலர்த்திய பூவைப் பொடித்துச் சாராயத்தில் ஊறவைக்கிறார்கள், அல்லது சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் இடுகிறார்கள். 1879-ஆம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி சாக்ஸ்லெட் அமைத்த இக்கருவியில், ஆவியாகிக் குளிர்ந்த சாராயம் மீண்டும் மீண்டும் பொடியின் மீது சொட்டிச் சத்தை இறக்குகிறது. பின்னர் வடிகட்டி, காற்றழுத்தம் குறைந்த கலத்தில் சாராயத்தை முழுவதும் ஆவியாக்கி நீக்கிவிடுகிறார்கள். எஞ்சுவது கரும்பாகு போன்ற கெட்டிக் குழம்பு. அதற்குத்தான் சத்து என்று பெயர். ஆய்வுக்கு எடுக்கும் அந்தச் சத்தில் சாராயம் இருப்பதில்லை, இருக்கவும் கூடாது என்பதை வாசகர்கள் மனத்தில் பதிக்க வேண்டும்.

சரக்கின் தரத்தை அறியவும் எரிசாராயம் பயன்படுகிறது. மருந்து நூல்களில் கூறப்படும் சோதனை எளியது. 5 கிராம் பொடியை 100 மில்லி எரிசாராயத்தில் மூடிய குடுவையில் இட்டு, ஆறு மணி நேரம் அடிக்கடி குலுக்கி, பதினெட்டு மணி நேரம் அசையாமல் வைத்து வடிகட்டுவார்கள். வடிநீரில் 25 மில்லியை வற்றவைத்து, 105 டிகிரியில் உலர்த்தி, எஞ்சியதை நிறுப்பார்கள். அந்த 25 மில்லி, 1.25 கிராம் பொடிக்குச் சமம். எஞ்சியது 0.2 கிராம் என்று வைத்துக் கொண்டால், சரக்கில் நூற்றுக்குப் பதினாறு பங்கு சாராயத்தில் கரையும் சத்து உள்ளது என்று கொள்ள வேண்டும். மண் கலந்த பூவிலும், வெயிலில் கருகிய பூவிலும், பழைய இருப்பிலும் இந்தக் கணக்கு குறையும். நம் மகளிர் குழுவினர் கொண்டு செல்லும் மூட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை நிர்ணயிக்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

ஆராய்ச்சிகள் கண்டவை

இனி ஆராய்ச்சி முடிவுகளைப் பார்ப்போம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆவாரம் பூவின் நீர்ச் சத்தைச் சர்க்கரை வியாதி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு முப்பது நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. 2002-ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று. இது நீர்ச் சத்து என்பதைக் கவனிக்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டு இலங்கைச் செடிகள் பலவற்றை ஜப்பானில் ஆராய்ந்தபோது, ஆவாரம் பூவின் மெத்தில் சாராயச் சத்து தனிச் சிறப்புடையதாகத் தென்பட்டது. சோறும் களியும் குடலில் சர்க்கரையாக உடைவதற்கு ஒரு நொதிப்பொருள் துணை செய்கிறது. அந்நொதியைத் தடுத்துவிட்டால், உண்டவுடன் சர்க்கரை திடீரென்று ஏறாது. அகார்போஸ் என்னும் மாத்திரை வேலை செய்வதும் இம்முறையிலேயே. எலிகளில் ஆவாரைச் சத்தின் பலன் அம்மாத்திரையின் பலனோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. இது பாராட்டத்தக்க கண்டுபிடிப்பே. இவையன்றி, ஈரலைக் காத்தல், கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தல் முதலிய குணங்களையும் சாராயச் சத்தில் ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர்.

ஆனால் எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று முடிவு கட்ட இயலாது. ஒரு புதிய நெல் ரகம் ஆராய்ச்சிப் பண்ணைத் தொட்டியில் செழித்தது என்பதற்காக ஏரிப் பாசனம் முழுவதையும் அதற்கு மாற்றிவிடுவோமா? பல பருவங்களில், பல மண்ணில் விளைத்துப் பார்த்த பின்னரே விதையை வாங்குகிறோம். மருந்திற்கும் அந்த நிதானம் வேண்டும். பல நூறு நோயாளிகளிடம் நீண்ட நாள் பரிசோதித்து, இந்த அளவு, இவ்வளவு நாள், இன்ன தீங்கு என்று வரையறுத்த பின்னரே ஒரு சத்து மருந்து என்ற பெயரைப் பெறும். ஆவாரையின் எரிசாராயச் சத்து அந்தப் படியை இன்னும் எட்டவில்லை.

கவனத்திற்குரிய தீங்குகள்

இயற்கையில் விளைந்தது எதுவும் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் தவறானது. முதலாவதாக, 1981-ஆம் ஆண்டு இலங்கையில் ஐம்பது மூலிகைகளைச் சோதித்தபோது, ஈரலைத் தாக்கக்கூடிய பைரோலிசிடின் என்னும் காரப்பொருள் மூன்றில் இருப்பதாகக் கூறப்பட்டது. அம்மூன்றில் ஆவாரையும் ஒன்று. எப்போதோ ஒரு கோப்பை பூக்கஷாயம் பருகுவது வேறு. சத்தாக வற்றவைத்து மாதக்கணக்கில் உண்பது வேறு. ஐந்து கிலோ பூவிலிருந்து ஒரு கிலோ சத்து எடுத்தால், நல்லதும் ஐந்து மடங்காகத் திரளலாம். கெட்டதும் ஐந்து மடங்காகத் திரளலாம்.

இரண்டாவதாக, காக்காய் வலிப்பிற்குக் கொடுக்கப்படும் கார்பமசிபின் மாத்திரையோடு ஆவாரைப் பானத்தைச் சேர்த்துக் கொடுத்த எலிகளில், அம்மாத்திரையின் அளவு இரத்தத்தில் கணிசமாக உயர்ந்ததாக 2004-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. ஆகவே வேறு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரிடம் கூறாமல் இதனைத் தொடங்கலாகாது. மூன்றாவதாக, சர்க்கரை மாத்திரையோடு சத்தும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து மயங்கி விழ நேரலாம். சாராயம் எஞ்சிய சத்தானால் இந்த அபாயம் மேலும் கூடும். நான்காவதாக, துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் ஏறவிடாமல் தடுக்கும். இரத்தசோகையுள்ள பெண்கள் இதனைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பருகுதல் நல்லதன்று. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் குழந்தைகளும் அறவே தவிர்ப்பது நலம்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடாது என்பதே விடை. ஆய்வுக்கூடத்தில் மெத்தில் சாராயமும் எதில் சாராயமும் பயன்படுகின்றன என்று மேலே கூறினேன். பார்வைக்கும் மணத்திற்கும் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். ஆனால் மெத்தில் சாராயம் உடலுக்குள் சென்றதும் பார்மால்டிஹைடாகவும் பார்மிக் அமிலமாகவும் மாறிக் கண் நரம்பைக் கருக்குகிறது. சிறிதளவே குருடாக்கும், சற்று மிகுந்தால் உயிரைப் பறிக்கும். தொழிற்சாலைகளுக்கென விற்கப்படும் ஸ்பிரிட்டில், யாரும் குடிக்காதிருக்கும் பொருட்டு இத்தகைய நஞ்சுகள் கலக்கப்படுவதும் உண்டு. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளிலும், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் நிகழ்ந்த சாவுகளுக்கு மெத்தில் சாராயமே காரணம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மூலிகையை ஊறவைத்துவிட்டதால் விஷச் சாராயம் மருந்தாகிவிடாது. விஞ்ஞானி தம் கருவியால் சாராயத்தை முற்றிலும் நீக்கிய பிறகே சத்தை எடுக்கிறார். அடுப்பங்கரையில் அது நடவாத காரியம். அடுப்பருகில் சாராய ஆவி தீப்பற்றும் அபாயமும் உண்டு.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. உரிமமின்றிச் சாராயம் வைத்திருப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சித்த மருந்தானாலும், செய்து விற்பதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். சர்க்கரை வியாதியைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உரிம எண்ணும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் இல்லாத சீசா எதுவாயினும், அதைச் சந்தையில் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

இந்திய நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ஆம் ஆண்டு வெளியான பெரிய கணக்கெடுப்பு கூறுகிறது. நகரத்து வியாதி என்று நாம் கருதியது கிராமத்திற்கும் வந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இதற்குரிய மாத்திரைகள் வீடு தேடி வழங்கப்படுகின்றன. அவற்றை வாங்கி ஒழுங்காக உண்டு, சோதனையும் செய்து கொள்பவர்கள் ஆவாரைக் குடிநீரும் அருந்த விரும்பினால், சித்த மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனையில் அளவு கேட்டு அருந்தலாம். மாத்திரையை நிறுத்துவதா, குறைப்பதா என்பதைச் சோதனையின் எண்ணைப் பார்த்து மருத்துவர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

அப்படியானால் ஆவாரையால் கிராமத்திற்கு வருவாய் இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. சத்து இறக்கும் வேலையை உரிமம் பெற்ற ஆலைகளுக்கு விட்டுவிட்டு, நல்ல சரக்கை விளைத்துக் கொடுக்கும் வேலையை நாம் ஏற்கலாம். 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மூலிகைப் பண்ணைகள் மற்றும் மூலிகை மருந்துக் கழகம், 1944-ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு நிலையம் போன்றவை சித்த மருந்துகளைத் தயாரிப்பவை. இத்தகைய நிறுவனங்களிடம் முன்கூட்டியே விசாரித்து, வேண்டிய அளவும் தரமும் அறிந்து கொண்ட பின்னரே பூப்பறிப்பைத் தொடங்க வேண்டும்.

பூவைப் பனி உலர்ந்த பின் காலையில் பறித்து, காம்பும் இலையும் நீக்கி, நிழலில் துணி விரித்து மெல்லிய அடுக்காக உலர்த்த வேண்டும். கையில் எடுத்தால் நொறுங்கும் பதம் வந்ததும் ஈரம் படாத பைகளில் கட்ட வேண்டும். வெறுந்தரையில் உலர்த்தினால் மண் சேரும். கடும் வெயிலில் உலர்த்தினால் நிறம் கெடும். செடி ஒன்றில் எல்லாப் பூவையும் பறித்துவிடாமல், விதைக்கென ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். பட்டையை உரித்தால் செடி சாகும். ஆகவே பட்டையைத் தவிர்த்துப் பூவை எடுப்பதே நெடுங்காலப் பயன் தரும்.

எந்த இடத்தில் பறிக்கிறோம் என்பது இந்த வட்டாரத்தில் மிக முக்கியம். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்து நிலமும் கிணறுகளும் கெட்ட வரலாற்றை யாவரும் அறிவோம். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இது குறித்து வழங்கிய தீர்ப்பு நாடெங்கும் எடுத்துக்காட்டாயிற்று. மருந்துச் சரக்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் ஆகியவை வரம்பிற்குள் இருக்கின்றனவா என்று சோதிக்கிறார்கள். கழிவுநீர் பட்ட நிலத்திலும், பெருஞ்சாலை ஓரத்திலும், பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பிலும் பறித்த பூ மருந்துக்கு ஆகாது. மலையடிவாரக் கரடுகளும் மேட்டுப் புறம்போக்குகளும் இதற்கு ஏற்றவை.

அப்புறம்போக்குகளில் சீமைக் கருவேல் ஆக்கிரமித்த இடங்களைச் சீராக்கி, ஆவாரையை மீண்டும் விதைக்கலாம். விதையின் மேல்தோல் கெட்டியானது. கரடான மணலுடன் தேய்த்து, இரவு நீரில் ஊறவைத்து, மழைக்கு முன் விதைத்தால் நன்கு முளைக்கும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். ஊரிலுள்ள செடி கொடிகளையும் அவற்றைப் பற்றிய மக்களின் அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆவாரை எங்கே விளைகிறது, நம் மூதாட்டிகள் அதனை எதற்கெல்லாம் வழங்கினார்கள் என்பதை அப்பதிவேட்டில் சேர்ப்பது உறுப்பினர்களின் கடமை. நாளை ஒரு நிறுவனம் இதிலிருந்து மருந்து கண்டால், அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அப்பதிவேடே சாட்சியாகும்.

எனவே அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று செயல்களை மேற்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறேன். உரிமமற்ற ‘சத்து’ விற்பனை ஊரில் நடைபெறுகிறதா என்று விசாரித்து, நடைபெற்றால் மருந்து ஆய்வாளருக்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவியுங்கள். சர்க்கரை வியாதியுள்ளோர் மாத்திரையை நிறுத்தாதிருக்கும்படி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். ஆவாரை விளையும் புறம்போக்குகளைக் குறித்து வைத்து, பூப்பறிக்கும் உரிமையை மகளிர் குழுவிற்கு எவ்வாறு அளிக்கலாம் என்பதை ஆலோசித்துத் தீர்மானியுங்கள். இவற்றுள் முதலாவதைத் தள்ளிப் போடலாகாது. ஏனைய இரண்டையும் வரும் பொங்கலுக்குப் பூ வெட்டப் போகுமுன் முடித்துவிடலாம்.